இல்லை என்று சொன்னவர்கள்

ஜூன் 3, திங்கள்

பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. என் தமிழாக்கத்தை அச்சிடுகிறார்கள். வெளியீட்டு விழா இந்த மாதம் 29, சனிக்கிழமை. அட்டையில் ‘தமிழில்: முனைவர் கா. காந்திமதி, மருத்துவ உளவியலாளர்’ என்று வரும். மாதிரி அட்டையும் அனுப்பியிருக்கிறார்கள். பெயரைச் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள், சொல்ல வேண்டும்.

ஆளுமையை அளக்கும் தேர்வுகளில் இது பெரியது. ஐந்நூற்று நாற்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் படித்து, தனக்குப் பொருந்துமா பொருந்தாதா என்று குறிக்க வேண்டும். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் தனி ஆளாக உட்கார்ந்து தமிழில் கொண்டுவந்தேன். மூலத்தில் ‘சரி’, ‘தவறு’ என்று இருந்தது. ‘தவறு’ என்று பார்த்தாலே நம் ஆட்களுக்குப் பரீட்சை பயம் வந்துவிடும் என்று நான்தான் ‘ஆம்’, ‘இல்லை’ என்று மாற்றினேன். அதைச் சொல்லிச் சொல்லிப் பாராட்டினார் என் வழிகாட்டி. எங்கள் மருத்துவமனையில் மட்டும் இதுவரை அறுநூற்றுச் சொச்சம் பேருக்குக் கொடுத்திருக்கிறேன்.

திருநெல்வேலியில் இருந்துகொண்டு இதைச் செய்தேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. யாரிடமும் சொல்வதில்லை, இங்கே எழுதுகிறேன்.

மேல்தொட்டி வாஷர் போய்விட்டது. பிளம்பர் நாளைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 6, வியாழன்

தீயணைப்புத் துறையின் மருத்துவக் குழு ஒருவரை அனுப்பியிருந்தது. சுடலைமுத்து, வயது முப்பத்தொன்பது, பத்தாம் வகுப்பு வரை படிப்பு, பதினேழு வருஷ சர்வீஸ். மனைவி பேச்சியம்மாளும் கூட வந்திருந்தாள்.

“மேடம், நான் வேலை வேணாம்னு சொல்லல. தீ எரியட்டும், போறேன். கட்டடம் இடியட்டும், போறேன். கிணத்துக்குள்ள மட்டும் கொஞ்ச நாள் இறக்க வேணாம்னு கேக்கேன்” என்றார்.

பிப்ரவரியில் ஒரு கிணற்று மீட்பில் ஒரு குழந்தை இறந்துபோனதாம். அதிலிருந்து தூக்கமில்லை, கை நடுக்கம். இருபது நிமிடம் பேசினோம். பிறகு வினாத்தாளைக் கொடுத்து வராந்தாவில் உட்கார வைத்தேன். இரண்டே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். அதற்குள் நான் அச்சுப் பிழை திருத்தம் நாற்பது பக்கம் முடித்துவிட்டேன்.

ஜூன் 7, வெள்ளி

விடைகளைக் கணினியில் ஏற்றுவது பிலோமினா. பிளஸ் டூ படித்தவர், ஐம்பத்திரண்டு வயது, நான் சேர்வதற்கு முன்பே இங்கே இருப்பவர். வேலையில் பிசகு இருக்காது. வாய்தான் கொஞ்சம் நீளம்.

“மேடம், இந்தத் தாளைப் பாருங்க. இவரு வீட்டாளுங்க இவருக்கு விசம் வைக்க நினைக்காங்கன்னு வருது. அந்தம்மா நேத்து மத்தியானம் தட்டைக் கையில வச்சிக்கிட்டு, ‘ரெண்டு வாயாவது தின்னுங்க’ன்னு கெஞ்சிக்கிட்டு நின்னுச்சு. எனக்கு என்னமோ சரியாப் படல.”

“நீங்க ஏத்துங்க பிலோமினா. படிக்கிறது என் வேலை” என்றேன்.

இந்தத் தேர்வுக்குள்ளேயே ஒரு வலை இருக்கிறது. கடுமையான நோயாளிகள்கூட ‘எனக்கு இப்படி’ என்று சொல்லாத விபரீதங்கள் ஐம்பது அறுபதை இடையிடையே கலந்து வைத்திருக்கிறார்கள். நோயைப் பெரிதாக்கிக் காட்ட நினைப்பவர் அதில் போய் விழுவார். சுடலைமுத்து தொபுக்கென்று விழுந்திருக்கிறார். வரைபடத்தில் கோடு அளவுகோலையே தாண்டிப் போகிறது.

அரை மணியில் அறிக்கை எழுதிவிட்டேன். ‘அறிகுறிகளை மிகைப்படுத்துகிறார். பணியிலிருந்து விலக்கு அளிக்க உளவியல் காரணம் ஏதும் தென்படவில்லை.’ முகத்தை வைத்து ஏமாறாமல் இருக்கத்தான் தேர்வு. அவர் முகம் என்னைக்கூட ஏமாற்றத்தான் பார்த்தது.

ஜூன் 9, ஞாயிறு

சமையல் கேஸ் தீர்ந்தது. பதிவு செய்தேன்.

ஜூன் 12, புதன்

சாப்பிடும்போது பிலோமினா மறுபடியும் தொடங்கினார்.

“கோவிச்சுக்கிடாதிய மேடம். படிப்பு கம்மியா உள்ளவங்க தாளு பூராவுமே இப்படித்தான் வருது. காலேஜ் படிச்சவங்களுக்கு வரதில்ல. நான் பதினாலு வருசமா ஏத்துதேன்லா.”

படிப்புக் குறைந்தவர்கள் பதற்றத்தில் மிகைப்படுத்துவது எல்லா நாட்டிலும் உள்ளதுதான், புத்தகங்களிலேயே இருக்கிறது என்றேன். அவர் தயிர்ச்சாதத்தைப் பிசைந்துகொண்டே “இருக்கும் மேடம்” என்றார். அந்த ‘இருக்கும்’ எனக்குப் பிடிக்கவில்லை.

தலைவலி. இந்த ஜூன் மாசக் காற்றே இப்படித்தான்.

ஜூன் 15, சனி

திருத்தப் பக்கங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்தன. என் வீட்டுக்காரர் சங்கரநாராயணன் (கல்லூரியில் இயற்பியல்) காபி குடித்துக்கொண்டே ஒன்றை எடுத்துச் சத்தமாக வாசித்தார்.

“‘எனக்கு அடிக்கடி தலைவலி வருவதில்லை.’ இல்லை.”

“என்ன இல்லை?”

“வர்றதில்லைங்கேன்.”

“அப்ப ‘ஆம்’னு போடணும்ங்க. வாக்கியம் உங்களுக்குப் பொருந்துதுல்ல?”

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். “அட, ஆமா. ஆனா தலைவலி இல்லாதவன் எதுக்கு ‘ஆம்’னு சொல்லப் போறான், காந்தி? ‘தலைவலி வர்றதில்லையா?’ன்னு யாராவது கேட்டா, ‘இல்லை’ன்னுதான வாயில வரும்?” சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

நான் பக்கங்களை அடுக்கி எடுத்து வைத்தேன். ஃப்ரிட்ஜைக் காலி செய்து துடைத்தேன். அரிசி டப்பா, பருப்பு டப்பா எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தேன். மோர்க்குழம்பில் உப்பு இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஜூன் 17, திங்கள்

சுடலைமுத்துவின் தாளை மறுபடியும் பார்க்கலாம் என்று சீக்கிரமே போய்விட்டேன். கோப்பு அலமாரிச் சாவி பிலோமினாவிடம் இருந்தது. அவர் வருவதற்குள் வேறு வேலை வந்துவிட்டது. அவர் வந்த பிறகும் வேறு வேலை இருந்தது.

ஜூன் 18, செவ்வாய்

பேச்சியம்மாள் வந்தாள். தனியாக. கணவருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்களாம், பொய்க் காரணம் சொல்லிப் பணியைத் தட்டிக் கழித்ததாக. ஜூலை முதல் தேதியிலிருந்து கயிறு கட்டி இறங்கும் குழுவில் மறுபடியும் அவர் பெயர் இருக்கிறது. கொத்தனார் வேலைக்குப் போய்விடுகிறேன் என்று சீருடையை மடித்து வைத்துவிட்டாராம்.

சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் நின்றுகொண்டே பேசினாள்.

“நீங்க படிச்சவங்க. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும். எந்தக் கேள்விக்கு அவிய பொய் சொன்னாவன்னு மட்டும் சொல்லுங்க மேடம். எங்கிட்ட பதினாறு வருசத்துல ஒரு பொய் சொன்னதில்ல. வீட்டுல போயிக் கேக்கணும்.”

விடைத்தாளை வெளியாட்களுக்குக் காட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. அதைச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

விதி இருக்கிறது, அது உண்மைதான்.

ஜூன் 19, புதன்

சுடலைமுத்துவை வரச் சொல்லியிருந்தேன். காலை ஒன்பதரை மணிக்கு உட்கார்ந்தோம். கையில் பென்சில் கொடுக்கவில்லை. நானே ஒவ்வொரு வாக்கியமாக வாசித்தேன். ‘ஆம்’, ‘இல்லை’ வேண்டாம், வீட்டில் பேசுகிற மாதிரி பதில் சொல்லுங்கள் என்றேன்.

முதல் ஐம்பதுக்குள்ளேயே தெரிந்துவிட்டது.

“‘என் வீட்டார் எனக்கு ஒருபோதும் விஷம் வைக்க நினைத்ததில்லை.’”

“இல்ல மேடம்! சேச்சே. அவ கையால சாப்பிட்டுத்தான உயிரோட இருக்கேன்.”

முந்தைய தாளைப் பார்த்தேன். ‘இல்லை’யில் அழுத்தமாகக் குறித்திருந்தார். இதே ‘இல்லை’தான். ‘வீட்டார் விஷம் வைக்க நினைத்தது உண்டு’ என்று அதை நான் படித்திருக்கிறேன்.

“‘யாரும் இல்லாத இடத்தில் எனக்குக் குரல்கள் கேட்பதில்லை.’”

இதற்கு மட்டும் அவர் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சொன்னார்.

எழுபதடிக் கிணறு. ஒன்பது வயதுப் பெண் பிள்ளை. இவர் இறங்கும்போது மோட்டார் குழாயைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருந்திருக்கிறாள். இடுப்பில் சேர்த்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறியிருக்கிறார். பாதி தூரத்தில் அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறது. “மாமா, எங்க அம்மா அடிப்பாளா?”

“‘அடிக்க மாட்டா, நான் சொல்லுதேன்’னேன் மேடம். தலை என் தோள்ல சாஞ்சுது. தூங்குதுன்னு நெனச்சேன். மேல வந்ததும் எல்லாரும் கை தட்டுறாங்க. எனக்குத்தான் தெரியுது, பாரம் மாறிப் போச்சுன்னு. இப்பக் கிணத்த எட்டிப் பாத்தா அந்தக் கேள்வி கேக்குது. வேற எங்கயும் கேக்கறதில்ல.”

“இத ஏன் அன்னைக்கே சொல்லல?”

“நீங்க எழுதிக்கிட்டிருந்திய மேடம்.”

மாலை நாலே முக்காலுக்கு முடித்தோம். பிலோமினாவும் நானும் உட்கார்ந்து இரண்டு தாள்களையும் ஒப்பிட்டோம். எதிர்மறையாக முடியும் வாக்கியங்கள் நூற்றுப் பதினெட்டு. அதில் தொண்ணூற்று மூன்றைத் தலைகீழாகக் குறித்திருக்கிறார். இல்லை. அவர் நேராகத்தான் குறித்திருக்கிறார். நான்தான் தலைகீழாகக் கேட்டிருக்கிறேன்.

திருத்திப் போட்டதும் வலையில் அவர் எங்குமே இல்லை. மிகைப்படுத்தல் துளியும் கிடையாது. கஷ்டத்தைக் குறைத்துச் சொல்லும் ஆள். அச்சமும் துயரமும்தான் உச்சத்தில் நிற்கின்றன, உடனே சிகிச்சை தொடங்க வேண்டிய அளவுக்கு.

பிலோமினா கணினியை அணைத்து உறை போட்டார். அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஜூன் 20, வியாழன்

எங்கள் தலைமை மருத்துவர் ராஜமணியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அந்த ஒரு கேஸ மட்டும் சரி பண்ணிடுவோம், மேடம். ‘மறுபரிசோதனையில் கூடுதல் தகவல் கிடைத்தது’ன்னு ஒரு வரி. அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது. மொழிபெயர்ப்பு விஷயத்த விழா முடிஞ்சு அடுத்த பதிப்புல பாத்துக்கலாம். பதினாலு வருஷத்த நாமளே தெருவுல கொண்டுபோய் வைக்கணுமா?”

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நல்ல மனிதர்.

வீட்டுக்கு வந்து மூன்று வாளித் துணியைக் கையால் துவைத்தேன். மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 21, வெள்ளி

மருத்துவக் குழுவுக்கு எழுதினேன். ‘7ஆம் தேதி நான் அளித்த அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். பிழை சுடலைமுத்துவுடையது அல்ல. வினாத்தாளின் தமிழாக்கத்தில் நான் செய்தது.’

மூன்று வாக்கியம். மூன்று மணி நேரம்.

ஜூன் 24, திங்கள்

அரசு ஆஸ்பத்திரியில் குழுவின் முன்னால் நேரில் போனேன். மூன்று டாக்டர்கள், துறையிலிருந்து ஒரு அதிகாரி. சுடலைமுத்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தலைவராக இருந்த பெரிய டாக்டர் என் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“புரியலையேம்மா. ‘ஆம்’, ‘இல்லை’ல என்ன குழப்பம்?”

“சார், உங்களுக்கு சர்க்கரை வியாதி இல்லை. ஆமா, இல்லையா?”

“இல்லை.”

“இப்ப நீங்க உங்களுக்கு சர்க்கரை இருக்குன்னு சொல்லிட்டீங்க, சார். என் கணக்குப்படி.”

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அந்த டாக்டர் உதட்டை அசைத்துத் தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

“நமக்கு, எதிர்ல இருக்கவங்க சொல்ற வாக்கியத்தோட ஒத்துப்போனாலும் ‘இல்லை’தான் வாயில வருது சார். புத்தகம் படிச்சுப் பழகினவங்க நின்னு யோசிச்சு மாத்திப் போடுறாங்க. மத்தவங்க மனசுல உள்ளபடி போடுறாங்க. மனசுல உள்ளபடி போட்டவரத்தான் நான் பொய்யர்னு எழுதினேன். ஒரு தேர்வ மட்டும் நம்பி எழுதினது இன்னொரு தப்பு. அவர்கிட்ட நான் பேசினது இருபதே நிமிஷம்.”

அதிகாரி கேட்டார். “அப்ப இதுக்கு முன்னாடி நீங்க குடுத்த அறிக்கையெல்லாம்?”

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பதில் தயாராக இருந்தது, வேறு மாதிரி. அதைச் சொல்லவில்லை.

“எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும். பாப்பேன்.”

“இத நீங்களாவே கண்டுபிடிச்சது பெரிய விஷயம்மா” என்றார் தலைவர்.

“நான் கண்டுபிடிக்கல சார். எங்க ஆபீஸ்ல விடை ஏத்துற பிலோமினா ரெண்டு தடவ சொன்னாங்க. நான் கேக்கல.”

இப்போது, ஏழாம் தேதியும் பன்னிரண்டாம் தேதியும் இந்த நோட்டில் நான் எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். ‘வாய்தான் கொஞ்சம் நீளம்’ என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துத் திருத்தவில்லை. இருக்கட்டும்.

நோட்டீஸ் ரத்து. ஆறு மாதத்துக்குக் கட்டுப்பாட்டு அறையில் பணி, கூடவே சிகிச்சை. வெளியே வந்து சொன்னதும் சுடலைமுத்து எழுந்து நின்று அட்டென்ஷனில் சல்யூட் அடித்துவிட்டார். நான் வாழ்க்கையில் எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற மாதிரி எதிலும் நின்றதில்லை.

அங்கிருந்தே பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து அச்சை நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். மறுமுனையில் ஒருவர் “ஐயோ மேடம், அழைப்பிதழ் போயிருச்சே” என்றார்.

ஜூன் 29, சனி

பிலோமினா விடுமுறை நாளிலும் வந்தார். அலமாரியைத் திறந்து கோப்புகளைத் தரையில் பரப்பினோம். அறுநூற்றுப் பன்னிரண்டு. உட்கார்ந்து எழுந்ததில் முட்டி வலி. மத்தியானம் அவர் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பை இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

“பிலோமினா, அன்னைக்கு நான் உங்ககிட்டப் பேசினது தப்பு.”

“அதுக்கென்ன மேடம். அந்த வாசல் பக்கத்துக் கட்ட எடுங்க, முதல்ல அத முடிச்சிருவோம்.”

ஜூலை 22, திங்கள்

‘மிகைப்படுத்துகிறார்’ என்று நான் எழுதியது நாற்பத்தொரு பேர். எதிர்மறை வாக்கியங்களை ஒதுக்கிவிட்டு, அன்றைய நேர்காணல் குறிப்புகளையும் சேர்த்துப் படித்தால் ஒன்பது பேரின் முடிவு நிற்காது. ஒன்பது பேருக்கும் கடிதம் எழுதினேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதினேன். இரண்டு கடிதம் முகவரி மாறித் திரும்பி வந்துவிட்டது. ஒருவர் இறந்துபோய்விட்டார் என்று அவர் மகன் போன் செய்தார். கோபப்படவில்லை. “இத அப்பா இருக்கும்போது அனுப்பியிருக்கலாமே” என்று மட்டும் கேட்டார்.

அதைப் பற்றி இன்று எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

புதிய தாள் தயாராகிவிட்டது. எதிர்மறை வாக்கியங்களுக்கு அடியில் ‘எனக்குத் தலைவலி வரும்’, ‘எனக்குத் தலைவலி வராது’ என்று இரண்டையும் முழுதாகக் கொடுத்து, பொருந்துவதைக் குறிக்கச் சொல்கிறோம். முதலில் நாற்பது பேரிடம் வாசித்துக் காட்டிச் சரிபார்த்தோம். காய்கறி விற்பவர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், பீடி சுற்றுபவர்கள். பல்கலைக்கழகம் மறுபடியும் ஆய்வு நடத்திய பிறகுதான் அச்சிடும். ஒரு வருஷம் ஆகலாம். திருத்தக் குழுவில் பிலோமினாவின் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

சுடலைமுத்துவின் நான்காவது அமர்வு. தூக்கம் ஐந்து மணி நேரம்.

ஆகஸ்ட் 24, சனி

ஒன்பது பேரில் தங்கபுஷ்பம் மட்டும் பதில் எழுதியிருந்தார், போஸ்ட்கார்டில். ‘லெட்டர் கிடைச்சது. நேர்ல வர முடியுமா.’ கோவில்பட்டிக்கு பஸ்ஸில் போனேன். வீட்டுக்காரரும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்துகொண்டிருந்தவர். அடுப்பு வெடித்துக் கூட வேலை பார்த்தவர் இறந்ததைக் கண்ணால் பார்த்தவர். அடுப்புப் பக்கம் போகவே முடியவில்லை என்றபோது, நடிக்கிறார் என்று என் அறிக்கை சொன்னது. வேலை போய்விட்டது. இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறார்.

ஒடிசலான உருவம். என்னை உட்காரச் சொன்னார். கடிதத்தை மஞ்சள் பையிலிருந்து எடுத்தார்.

“நான் வாசிச்சிட்டேன். நீங்க ஒருக்க வாசிங்க.”

நான் மெதுவாகத் தொடங்கினேன்.

“சத்தமா வாசிங்கம்மா. உள்ள எங்க அண்ணன் இருக்காரு, மதினி இருக்காங்க. ஏழு வருசமா இந்த வீட்டுல எனக்கு ‘நடிப்புக்காரி’ன்னுதான் பேரு. அவங்களுக்குக் கேக்கணும்.”

எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்கு நிற்பது போல நின்று, நான் எழுதியதையே வாசித்தேன். தங்கபுஷ்பம் சொன்னது அனைத்தும் உண்மை என்று. அவர் எதையும் மிகைப்படுத்தவில்லை என்று. பிழை முழுவதும் என்னுடையது என்று. உள்ளே ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. அண்ணன் வாசல் நிலையில் வந்து நின்றார். பின்னால் மதினியின் முகம் தெரிந்தது. வேலையைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க இந்தக் கடிதத்தைப் பயன்படுத்தலாம், நானே நேரில் வந்து சாட்சி சொல்வேன் என்ற கடைசி வரியையும், அதன் கீழே என் பெயரையும் பட்டத்தையும் பதவியையும் விடாமல் வாசித்தேன்.

தங்கபுஷ்பம் அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவ” என்றார்.

வாசித்தேன்.